இலான் சுருள்: எதை முதலில் விரிப்பது?

பத்து வட்டம், அவற்றை இணைக்கும் கோடுகள். கபாலா எனும் யூத மறைஞானத்தின் "வாழ்வின் மரம்" என்று இந்தப் படத்தைச் சட்டையிலும் பச்சைகுத்தலிலும் சீட்டுக்கட்டு அட்டையிலும் பார்த்திருப்பீர்கள். இதன் அசல் எங்கே என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். ஒரு பக்கம் ஆள் உயரத்தைத் தாண்டும் தோல் சுருள். இன்னொரு பக்கம் லத்தீன் புத்தகத்தில் மடித்து வைத்த படம். நடுவே வார்சாவில் அச்சான ஒன்று. மூன்றையும் கபாலா மரம் என்றே சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

எபிரேயத்தில் இலான் என்றால் மரம், பன்மையில் இலானோத். கடவுளின் உள்நிலை "ஏன் சோஃப்", அதாவது எல்லையில்லாதது. அதிலிருந்து வெளிப்பட்டவை பத்து செபிரோத்: கெத்தெர், ஹொக்மா, பினா, ஹெசெத், கெவுரா, திஃபெரெத், நெத்சஹ், ஹோத், யெசோத், மல்குத். இவற்றைப் படமாகவும் எழுத்தாகவும் தோலில் வரைந்து வைத்ததே இலான். யூதரின் வேதமான தோராவின் சுருளைப் பக்கவாட்டில் உருட்டுவார்கள். இலானை மேலிருந்து கீழாக இறக்குவார்கள். மரத்தின் வேர் உச்சியில் இருக்கிறது. கீதையில் வரும் தலைகீழ் அரசமரம் இங்கே நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகாதீர்கள். ஒப்புமை தேடும் ஆர்வத்தில் எதிரே இருக்கும் சுருளைப் பார்க்காமலேயே விட்டுவிடுவோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, எந்தக் கபாலா? 1570-இல் கபாலா ஆசான் ஐசக் லூரியா கலிலேயாவின் ஸஃபெத் நகருக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1572-இல், கொள்ளைநோயில் இறந்துபோனார். அதற்குள் அவர் சொன்னதை அவருடைய மாணவர் ஹயீம் விட்டல் எழுதிவைத்தார், கபாலாவின் வரைபடமே மாறிப்போனது. லூரியாவுக்கு முந்தைய இலானில் இருப்பது ஒரு மரம். பிந்தையதில் மரத்துக்குள் மரம், வட்டத்துக்குள் வட்டம், முகத்துக்குள் முகம். ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் மற்றதும் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாவது, எபிரேயம் எவ்வளவு வேண்டும்? எழுத்து மட்டும் தெரிந்தால் போதுமா, மொழியும் வேண்டுமா, மொழி தெரிந்தவருக்கும் புரியாத சுருக்கெழுத்துகள் எவ்வளவு?

மூன்றாவது, எழுதியவரின் கை தெரிகிறதா? நான் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன், காரணம் கீழே வரும்.

நான்காவது செலவு. பணத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் செலவே இல்லை. இஸ்ரேல் தேசிய நூலகமும் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகமும் நிறைய எபிரேயச் சுவடிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. டெல் அவீவின் கிராஸ் குடும்பச் சேகரிப்பில் இலான்கள் ஏராளம். ஹைஃபா பல்கலைக்கழகம் இலான்களைத் தேடித் தொகுக்க ஒரு தனித் திட்டமே நடத்துகிறது. போவது காசல்ல, நேரமும் கண்ணும்தான்.

அவசரக்காரர்களுக்கு முதலில் அட்டவணை:

| | லூரியாவுக்கு முந்தைய தோல் | லூரியா வழிப் பெரிய சுருள் | வார்சா அச்சு, 1864 | லத்தீன் புத்தகப் படங்கள், 1677–84 |
|---|---|---|---|---|
| தேவையான எபிரேயம் | எழுத்து தெரிந்தால் தொடங்கலாம் | எழுத்து, சுருக்கெழுத்து, பொறுமை | எழுத்தும் சுருக்கெழுத்தும் | குறைவு; லத்தீன் வேண்டும் |
| எழுதியவரின் கை | நன்றாகத் தெரியும் | மிக நன்றாகத் தெரியும் | தெரியாது | தெரியாது |
| மறைந்திருக்கும் செலவு | இதுதான் முழுக் கபாலா என்ற மயக்கம் | மாதக்கணக்கில் நேரம் | இதுதான் மூலம் என்ற மயக்கம் | வேறொரு மதத்தின் கண்ணாடி |
| யாருக்கு | படம் பார்த்து வந்தவருக்கு | சுவடிப் பித்துள்ளவருக்கு | பெரிய சுருளைப் படிக்கத் துணை தேடுபவருக்கு | ஐரோப்பிய அறிவு வரலாறு படிப்பவருக்கு |

## லூரியாவுக்கு முந்தைய தோல்

14-ஆம் நூற்றாண்டு இத்தாலியிலேயே இந்த வகை வேரூன்றிவிட்டது. ருவேன் சர்ஃபத்தி என்பவர் எழுதியதாகச் சொல்லப்படும் ஓர் உரைக்குப் பெயரே "பெரிய தோல்" என்பதன் விளக்கம். படத்துக்கென்று தனிப் பெயர் வைக்கவில்லை; எதில் வரைந்தார்களோ அந்தத் தோலே பெயராகிவிட்டது. அந்த உரையை ஃபிளாவியஸ் மித்ரிதாதிஸ் என்ற மதம் மாறிய யூதர் இளம் தத்துவவாதி பிக்கோ தெல்லா மிராந்தொலாவுக்காக 1486 வாக்கில் லத்தீனுக்குக் கொண்டுபோனார். கிறிஸ்தவ ஐரோப்பா கபாலா பக்கம் திரும்பியதில் இப்படி ஒரு தோலுக்கும் பங்குண்டு.

இந்த வகையில் பார்க்க வேண்டிய ஒன்று பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய தோல், வண்ணப் படங்களோடு மரத்தைச் சுற்றி இடம் விடாமல் எழுதி நிரப்பியது. முதல் பார்வையில் தலை சுற்றும். ஆனால் நடுவில் உள்ள பத்து வட்டங்களை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி கிடைத்துவிடும். இடது, வலது, நடு என மூன்று தூண்கள். வலத்தில் அருள், இடத்தில் நியாயத்தீர்ப்பு, நடுவில் இரண்டையும் சமன்செய்வது. எபிரேய எழுத்து 22-ஐயும் ஒரு வாரத்தில் பழகிவிட்டு இதற்குமுன் உட்கார்ந்தால் பத்துப் பெயர்களையும் நீங்களே எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம். அந்தச் சந்தோஷம் சின்னதில்லை.

இதில் ஒரு மயக்கம் உண்டு. இது கையில் வந்ததும் கபாலாவே கையில் வந்துவிட்டதாகத் தோன்றும். கபாலா அறிஞர் மோசே கொர்தோவெரோ 1548-இல் முடித்த "பர்தேஸ் ரிமோனிம்" நூல் வரைக்கும் உள்ள கபாலாவுக்கு இது நல்ல வாசல். அதற்குப் பிந்தையதற்கு உதவாது. ஓவியம், புத்தகக் கலை வழியாக வருகிறவர்கள் இதோடு நின்றாலும் நஷ்டமில்லை.

## லூரியா வழிப் பெரிய சுருள்

விஷயம் இங்கேதான் கனக்கத் தொடங்குகிறது.

லூரியா சொன்ன கதையில் கடவுள் முதலில் சுருங்குகிறார். எங்கும் நிறைந்த ஒளி தன்னை ஒடுக்கிக்கொண்டு ஒரு வெற்றிடம் விடுகிறது. அந்த வெற்றிடத்துக்குள் ஒரு கோடாக ஒளி இறங்கி ஆதாம் கத்மோன் என்ற ஆதிமனித வடிவமாகிறது. அவன் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒளி வழிகிறது. கண்ணொளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைகின்றன. உடைந்ததைச் சேர்க்கத் தெய்வ "முகங்கள்" உருவாகின்றன: நீள்முகம், தந்தை, தாய், சிறுமுகம், அவன் துணைவி. அவற்றின் கீழே இன்னும் மூன்று உலகங்கள். இதை ஒரே ஒரு பத்து வட்ட மரத்தில் அடக்க முடியுமா? முடியாது. அதனால் சுருள் நீண்டது, தோலோடு தோலை ஒட்டிப் பல மீட்டர் வரை போனது. உச்சியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், அப்புறம் ஆதிமனிதன், அப்புறம் முகங்கள், கீழே உலகங்கள். இறக்கிக்கொண்டே போனால் படைப்பு நடந்த வரிசையிலேயே கை நகரும். புத்தகத்தின் பக்கங்களால் இதைச் செய்ய முடியாது.

இவற்றில் பேர்பெற்றது மெயிர் பாப்பர்ஸின் இலான். விட்டலின் எழுத்துகளை "எத்ஸ் ஹயீம்" என்ற நூலாக ஒழுங்குபடுத்தியவர் இவர்தான். 1662-இல் ஜெருசலேமில் இறந்தார். இவருடைய ஆசான் யாக்கோபு செமாக் போர்ச்சுகலில் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த மருத்துவர்; வெளியேறி வெளிப்படையாக யூதராக வாழ்ந்தவர். விட்டலின் தாறுமாறான குறிப்புகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய இருவரும் படத்தின் பக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. நூலில் தொலைந்தவனுக்கு ஒரு வரைபடம் வேண்டும்.

சரி, எழுதியவர்கள் யார்? தோரா எழுதும் சோஃபேருக்கு விதிகள் கடுமை. தூய விலங்கின் தோல், அந்த நோக்கத்துக்கென்றே பதப்படுத்தியது, கறுப்பு மை, கீறிய கோடு. தோராவின் 3,04,805 எழுத்துகளில் ஒன்று குறைந்தாலும் சுருள் செல்லாது. இலானுக்கு அந்தச் சட்டம் கிடையாது. தாளிலும் எழுதலாம், சிவப்பும் பச்சையும் தீட்டலாம், இடம் போதாவிட்டால் ஓரத்தில் நுணுக்கி எழுதலாம். விதி இல்லாத இடத்தில்தான் ஆளின் குணம் தெரியும். வட்டத்தை முதலில் போட்டுவிட்டு எழுத்தை அதற்குள் திணித்தவர், எழுத்தின் அளவைக் கணக்குப் பண்ணி வட்டத்தைப் பெரிதாக்கியவர் என்று இரண்டு சாதியையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் வட்டத்தின் நடுவில் கவராயம் குத்திய துளை தெரிகிறதா என்று பாருங்கள். மையையும் கவனியுங்கள்: மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய மை காலப்போக்கில் பழுப்பேறும். ஒரே வட்டத்துக்குள் நிறம் சட்டென்று மாறினால், அந்த இடத்தில் பேனா வேறு மையைத் தொட்டிருக்கிறது. அங்கே எழுத்தின் வடிவமும் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பெரிய சுருள்களில் பலவும் ஒரே மூலத்தின் நகல் அல்ல. வெவ்வேறு ஆட்கள் செய்த சிறிய இலான்களை எடுத்து, மேலிருந்து கீழாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தவை. எதை மேலே வைப்பது, எங்கே வெட்டுவது, இரண்டு இலான்கள் ஒரே கட்டத்தை இருவிதமாகச் சொன்னால் எதை விடுவது என்பதெல்லாம் எழுதியவர் கையில் இருந்தது. படியெடுப்பவர் என்று நாம் சொல்லும் ஆள் உண்மையில் ஒரு பதிப்பாசிரியர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாதில் இருந்த சாசோன் பென் மொர்தெகாய் ஷந்தூக் மாதிரி, தாமே கபாலா அறிஞராகவும் கவிஞராகவும் இருந்து இலானும் எழுதியவர்கள் உண்டு. பெயரே தெரியாதவர்களும் நிறைய. எழுதியவரின் கைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவது இதனால்தான்.

செலவுக்கு வருவோம். எழுத்து பெரும்பாலும் சதுர எழுத்தாக இருக்காது. அரைகுறையாகச் சாய்த்து எழுதிய கையாக இருக்கும், ஊருக்கு ஊர் மாறும். சுருக்கெழுத்துகள் வேறு. நான் கொஞ்சம் நவீன எபிரேயம் பழகிவிட்டு முதல் சுருளைத் திறந்தபோது ஸாயின், அலெஃப் என்ற இரண்டு எழுத்து மறுபடி மறுபடி வந்தது. இன்றைய எபிரேயத்தில் அது "அதாவது" என்பதன் சுருக்கம். அதாவது, அதாவது என்று யாரோ எதையோ விளக்கிக்கொண்டே இருக்கிறார் என நினைத்துப் பல நாள் படித்தேன். அது ஸெயிர் அன்பின், சிறுமுகம். (அன்பின் என்பது அராமிக்கில் முகம். நம் அன்பு அல்ல, தமிழில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது.) இப்படிப்பட்ட தடுக்கல்களுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இதை முதலில் எடுக்க வேண்டாம். திரையின் தொல்லையும் உண்டு. பல மீட்டர் சுருளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து வைத்திருந்தால், மேலே தொடங்கிய கோடு கீழே எங்கே முடிகிறது என்பதைத் துண்டுகளை மாற்றி மாற்றித்தான் தேட வேண்டும்.

## வார்சா அச்சு

பாப்பர்ஸ் பெயரில் வழங்கிய பெரிய இலான் 1864-இல் வார்சாவில் அச்சாகியது. எழுத்து தெளிவு, வரிசை தெளிவு. கைச்சுருளில் கரைந்துபோன சொல்லை இதில் தேடி எடுத்துவிடலாம். பக்கத்தில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல துணை இல்லை.

பக்கத்தில்தான், கைச்சுருளின் இடத்தில் அல்ல. அச்சுக்குப் போன பிறகு ஒரு வடிவம் மட்டும் எல்லோர் கையிலும் பரவி, இதுதான் இலான் என்றாகிவிடுகிறது. அச்சுக்கோத்தவர் முன்னால் இருந்ததும் யாரோ கோத்த ஒரு சுருள்தான். அதிலிருந்த பிழை அச்சில் வந்ததும் பிழையாகத் தெரியாது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். அச்சிட்டவன் கெடுத்தால் கண்டுபிடிப்பதுகூடக் கஷ்டம்.

## லத்தீன் புத்தகம்

ஜெர்மனியின் சுல்ஸ்பாக்கில் அரசு அலுவலராக இருந்த லூத்தரன் கிறிஸ்தவர் கிறிஸ்டியான் க்நோர் ஃபோன் ரோசன்ரோத். "கபாலா தெனுதாத்தா", அதாவது திரைவிலக்கிய கபாலா, என்ற பெரிய லத்தீன் தொகுப்பை 1677 முதல் 1684 வரை வெளியிட்டார். லூரியா வழி இலான்களின் படங்கள் இதில் அச்சாயின. மனிதர் சும்மா மொழிபெயர்க்கவில்லை, உழைத்திருக்கிறார். தத்துவவாதி லைப்னிஸ் 1688-இல் நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார் என்றால் பாருங்கள்.

ஆனால் யூதரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவர இது உதவும் என்ற நம்பிக்கை இந்த உழைப்புக்குப் பின்னால் இருந்தது. எதைப் படித்தாலும் அந்தக் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்திருக்கும். சுருளை வெட்டிப் பக்கத்துக்குள் மடித்ததில் மேலிருந்து கீழ் இறங்கும் அனுபவமும் போய்விட்டது. லத்தீன் தெரிந்தவருக்கும் ஐரோப்பியத் தத்துவத்தில் கபாலா எப்படி நுழைந்தது என்று பார்ப்பவருக்கும் இதுதான் முதல் தேர்வு. மற்றவர்களுக்கு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும்.

## அந்தச் சட்டைப் படம்?

அது பெரும்பாலும் இவற்றில் எதுவுமில்லை. ரோமில் இருந்த இயேசு சபைத் துறவி அதனாசியஸ் கிர்ஷர் 1652–54-இல் வெளியிட்ட "ஈதிபஸ் எகிப்தியாகஸ்" நூலில் ஒரு மரம் போட்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மறைஞானச் சங்கங்கள் அந்த அமைப்பை எடுத்து, 22 கோடுகளையும் டாரட் சீட்டுகளோடு முடிச்சுப் போட்டன. இன்று சுவரொட்டியாக விற்பது அந்த வழியில் வந்தது. வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் எந்த எபிரேய எழுத்து எந்தக் கோட்டில் என்பதைப் பழைய இலானோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தாது.

பழைய சுருளையே விலைக்கு வாங்கலாமா என்றால், என் பதில் வேண்டாம். யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாறு எழுத்தில் இல்லாத சுருளைத் தொடக்கூடாது. அந்த வரலாற்றைச் சரிபார்க்கும் அறிவு தொடக்கத்தில் நமக்கு இருக்காது. மேலும் இது ஒரு மக்களின் வழிபாட்டோடு ஒட்டிய பொருள். கடவுளின் பெயர் எழுதிய தோல் கிழிந்தாலும் அவர்கள் குப்பையில் போடுவதில்லை. தனியாக வைத்துப் பின் புதைக்கிறார்கள். படத்தை அச்செடுத்து வைத்திருப்பவர்களும் அதைக் காலடியில் கிடக்க விடாமல் இருந்தால் நல்லது.

## நான் சொல்லும் வரிசை

படம் மட்டும் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர் பாட்லியன் தோலில் தொடங்கட்டும். பத்துப் பெயரையும் வாசிக்கும்வரை வேறெங்கும் போக வேண்டாம். இரண்டு மாதம் ஒதுக்க முடிந்தவர், ஒரு கைச்சுருளையும் வார்சா அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொண்டு மேலிருந்து இறங்கட்டும். தத்துவம் புரியவில்லையே என்று நிற்காதீர்கள். வெறும் கூட்டலை வைத்தே எழுதியவரோடு பேச ஒரு வழி இருக்கிறது.

எபிரேய எழுத்துக்கு எண்மதிப்பு உண்டு. அலெஃப் 1, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, யோத் 10. யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்துத் திருப்பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் அதன் பெயராக விரித்து எழுதினால் லூரியா வழிக் கபாலாவின் நான்கு பெயர்கள் வரும்: 72, 63, 45, 52. சுருள் முழுக்க இவை சிதறிக் கிடக்கும். 72-ஐ எடுங்கள். யோத்தை யோத்-வாவ்-தாலெத் என்று விரித்தால் 20. ஹேயை ஹே-யோத் என்றால் 15, அது இரண்டு முறை. வாவை வாவ்-யோத்-வாவ் என்றால் 22. மொத்தம் 72, "தந்தை" முகத்துக்கு உரியது. அந்த வாவின் நடுவிலுள்ள யோத்தை மட்டும் அலெஃப் ஆக்கினால் 22 என்பது 13 ஆகும், மொத்தம் 63. அது "தாய்". எழுதியவரின் கண் ஓர் எழுத்தில் சறுக்கினால் போதும், தந்தை இருந்த இடத்தில் தாய் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஆகவே பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கைச்சுருளில் இந்தப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் கூட்டிப் பாருங்கள், பக்கத்தில் வார்சா அச்சு என்ன சொல்கிறது என்று குறியுங்கள். எண் மாறும் இடம் தட்டுப்பட்டால் அந்த வட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். முதலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு மேலே எழுதியிருக்கிறாரா, அல்லது திருப்பெயர் என்பதால் அழிக்கத் துணியாமல் அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.